சீமை எலிக்கு இட்ட பந்தி

ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம் இருந்தது. உலகம்மை என்ற அம்மாள் அதற்குத் தலைவி. வயது நாற்பத்தைந்துக்குள்தான் இருக்கும். அவர் பிரசங்கம் செய்ய மாட்டார். யாராவது வந்து சந்தேகம் கேட்டால், பதிலுக்கு ஒரு வேலையைக் கொடுப்பார். வேலை முடிந்த பிறகும் சந்தேகம் பாக்கியிருந்தால் மறுபடி கேட்கலாம் என்பார். பெரும்பாலும் யாரும் மறுபடி கேட்டதில்லை.

ஒரு வைகாசி மாதம் சங்கரபாகம் என்பவர் அங்கே வந்தார். அறுபத்திரண்டு வயது. அந்த வட்டாரத்தில் கல்யாணப் பந்தி என்றால் சங்கரபாகம்தான். அவர் சமையல்காரர் இல்லை, பரிமாறுகிறவர்களுக்குத் தலைவர். எந்த இலையில் என்ன குறைகிறது என்று பந்தலின் அந்தக் கோடியில் நின்றே சொல்லிவிடுவார்.

உலகம்மையை வணங்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, நாற்பது வருஷம் பந்தி விசாரிச்சிருக்கேன். போதும் போதும்னு இலையைக் கையால மறைப்பாங்க. அந்தக் கையை விலக்கச் சொல்லி இன்னும் ஒரு கரண்டி போடுவேன். அப்படி வாங்கின பேரு இது."

"நல்ல பேருதான்," என்றார் உலகம்மை.

"ஊர் வயித்தையெல்லாம் நிறைச்சேன். எனக்குள்ள ஏதோ ஒண்ணு நிறையாமலே இருக்கு. அது என்னன்னு நீங்கதான் சொல்லணும். என்னைச் சீடனா ஏத்துக்கணும்."

உலகம்மை எழுந்தார். "வாங்க அண்ணாச்சி."

மடத்தின் பின்பக்கம் ஓடு போட்ட ஒரு கொட்டகை. கம்பி வலை அடித்திருந்தது. உள்ளே முயலுக்குச் சின்னதாய், எலிக்குப் பெரிதாய், வாலில்லாத எட்டு ஜீவன்கள். காலடிச் சத்தம் கேட்டதும் எட்டும் ஒரு மூலையில் போய் ஒன்றின் மேல் ஒன்றாக ஒடுங்கின.

"என்னதும்மா இது?"

"கினி பிக்னு சொல்லுவாங்க. நம்ம செல்லத்தாய் சீமை எலின்னு பேரு வெச்சிருக்கா. ஒரு காலேஜில சோதனைக்குன்னு வளர்த்தாங்க. இப்ப அந்தப் பிரிவு இல்லை. நான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

செல்லத்தாய் மடத்துச் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்பவள். வாய் கொஞ்சம் நீளம். அவளும் பின்னால் வந்து நின்றாள்.

"இதுக பிறந்தது கூண்டு. இதுகளைப் பெத்ததுகளும் கூண்டு," என்றார் உலகம்மை. "குச்சித் தீவனம் மட்டும் தின்னு வளர்ந்ததுக. இங்க வந்த பிறகு காய்ஞ்ச புல்லு பழக்கியிருக்கேன். பச்சைப் புல்லை இதுக கண்ணால பாத்ததில்லை."

"அடப் பாவமே," என்றார் சங்கரபாகம்.

"எட்டும் பச்சைப் புல்லை வயிறாரத் தின்னு சௌக்கியமா இருக்கட்டும். அதுக்குப் பிறகு, சீடரா இல்லையான்னு பேசலாம்."

சங்கரபாகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூவாயிரம் பேருக்கு ஒரே நாள்ல இலை போட்டவன் அம்மா நான். எட்டு எலிக்குப் புல்லு போடுறது ஒரு காரியமா?"

"அப்ப நல்லதாப் போச்சு," என்றார் உலகம்மை.

செல்லத்தாய் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை சங்கரபாகம் குளித்து, நீறு பூசி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிவாளும் சாக்குமாகக் கிளம்பினார். உலகம்மை வாசலில் நின்றார்.

"எங்க போறீங்க அண்ணாச்சி?"

"புல்லறுக்க அம்மா."

"அரிவாள் வேண்டாம். சாக்கும் வேண்டாம். கை போதும்."

இருவரும் நடந்தார்கள். தார்ச்சாலை ஓரத்தில் புல் முழங்கால் உயரம் நின்றது. சங்கரபாகம் குனிந்தார். அந்நேரம் ஒரு பஸ் போனது. உலகம்மை ஒரு புல்லைத் தன் வெள்ளைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் காட்டினார். துணியில் கறுப்புக் கோடு விழுந்தது. சங்கரபாகம் நிமிர்ந்துகொண்டார்.

வயல் வரப்புக்கு வந்தார்கள். புல் இன்னும் செழிப்பு. சங்கரபாகம் கை வைக்கப் போனார்.

"என்ன சத்தம் கேக்குது?" என்றார் உலகம்மை.

சங்கரபாகம் காது கொடுத்தார். "ஒண்ணும் கேக்கலையே."

"ஒரு பூச்சி கூடவா?"

அப்போதுதான் வயலில் மருந்தடித்த வாடை அவர் மூக்கில் ஏறியது.

படித்துறைப் பக்கம் போனார்கள். அங்கே சோப்புத் தண்ணீரும் தெருநாய்களும். நிற்காமலே திரும்பிவிட்டார்கள். கடைசியில் மடத்துக்குள்ளேயே, கிணற்றுக்கும் தென்னைக்கும் நடுவே உலகம்மை நின்றார். அருகம்புல் படர்ந்து கிடந்தது. காலை வைத்ததும் நாலைந்து வெட்டுக்கிளிகள் தெறித்து விழுந்தன.

"நமக்கு முந்தியே இங்க ஒரு பந்தி நடக்குது," என்றார் உலகம்மை. "இங்க பறிக்கலாம்."

"அப்ப இங்கேயே வந்திருக்கலாமே அம்மா? ஊரைச் சுத்தினோமே."

உலகம்மை, புல்லில் பனி காயும்வரை வெயிலில் உட்கார்ந்தார். பிறகு எட்டுப் புல்லைக் கிள்ளினார். அலசினார். துணியில் ஒற்றினார். கொட்டகைக்குப் போய், ஒன்றுக்கு ஒரு புல் வீதம் வைத்தார்.

சங்கரபாகம் மீதியை எதிர்பார்த்து நின்றார். மீதி வரவில்லை.

"இவ்வளவுதானா?"

"இன்னிக்கு இவ்வளவுதான். நாளைக்கு ரெண்டு. அதுக்கு மறுநாள் மூணு."

"அம்மா, இலையில ஊறுகாய் வைக்கிறதுகூட இதைவிடக் கூட இருக்குமே."

"ஊறுகாயைத் தின்னு பழகாதவங்களுக்கு எவ்வளவு வைப்பீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார்.

முதல் நாள் ஒன்றுகூடப் புல்லைத் தொடவில்லை. ஒன்று அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சங்கரபாகத்துக்கு மானம் போனது. நாற்பது வருஷத்தில் அவர் விசாரித்த பந்தியில் ஒரு இலைகூட இப்படித் தொடாமல் கிடந்ததில்லை.

"என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிட்டாங்களோ?" என்றாள் செல்லத்தாய்.

"போ தாயி, உன் ரசம் பொங்குது பாரு," என்றார் அவர்.

மூன்றாம் நாள் சங்கரபாகம் தன் கையால் மூன்று மூன்று புல் வைத்தபோது அது நடந்தது. ஒன்று முன்னால் வந்தது; உடம்பு பழுப்பு, நெற்றியில் வெள்ளை, எட்டில் அதுதான் பெருத்தது. மூன்று புல்லையும் முகர்ந்தது. ஒன்றின் நுனியைக் கடித்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு தையல் மிஷினுக்குள் துணி போவதுபோல அந்தப் புல் சரசரவென்று உள்ளே போனது. மூன்றும் முடிந்ததும், நின்ற இடத்திலேயே நாலு காலும் தரையை விட்டு எழும்ப ஒரு துள்ளல் துள்ளியது.

சங்கரபாகம் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் கட்டிவிட்டது. அதன் பாட்டனும் பூட்டனும் ருசி பார்க்காத ஒன்றை அது இப்போது தின்றிருக்கிறது. அதுவும் அவர் கையால்.

அதற்குச் சம்பந்தி அம்மாள் என்று பேர் வைத்தார். மறுநாளிலிருந்து அவர் காலடி கேட்டால் அதுதான் முதலில் விசில் அடிப்பதுபோலக் கத்தும். அதை விட்டு மற்றதற்கு முதலில் வைத்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். சம்பந்தி இல்லாமல் வேறு யார்?

ஒருநாள் மதுரையிலிருந்த மகன் போனில் கூப்பிட்டான்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்டா. சம்பந்தி அம்மா இன்னிக்கு ஒன்பது புல்லு தின்னா."

மகன் பதறிப்போனான். "எங்க மாமியாராப்பா?"

செல்லத்தாய் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. எட்டும் புல் தின்றன. ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு புல்தான் என்றாலும், சங்கரபாகம் நிமிர்ந்து நடந்தார். மடத்துக்கு வருகிறவர்களைக் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். "இதுக புல்லைப் பாத்ததே கிடையாது தெரியுமா? நான்தான் பழக்கினேன்," என்பார். உலகம்மை கேட்டுக்கொண்டே போவார்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் உலகம்மை பக்கத்து ஊருக்கு, நோயாளி ஒருவரைப் பார்க்கப் புறப்பட்டார்.

"நாளைக்கு மத்தியானம் வந்துடுவேன் அண்ணாச்சி. நாளைக்குப் பதிமூணு."

"கவலையே வேண்டாம் அம்மா."

மறுநாள் காலை சங்கரபாகம் தெருப் பிள்ளையார் கோவிலுக்குக் கும்பிடப் போனார். குருக்கள் பழைய மாலைகளைக் கழித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ. நேத்து சங்கடஹர சதுர்த்தி. அருகம்புல் மாலையா வந்து குவிஞ்சுடுத்து. மடத்துல புல் திங்கற ஜீவன் இருக்காமே. எடுத்துண்டு போறேளா?"

ஒரு பெரிய கூடை நிறைய, அமுக்கி அமுக்கி வைத்த அருகம்புல். இரவெல்லாம் அப்படியே இருந்தது. சங்கரபாகம் உள்ளே கை விட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. சந்நிதியின் சூடு இன்னும் போகவில்லை என்று நினைத்தார். மெய் சிலிர்த்தது. அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டுதான் மடத்துக்கு வந்தார்.

"செல்லத்தாயி, எட்டு வாழையிலை நறுக்கு. தலைவாழை."

"யார் வர்றாங்க?"

"யாரும் வரலை. பிள்ளையாரே அனுப்பியிருக்கார். இன்னிக்கு நம்ம சம்பந்தி வீட்டுக்கு விருந்து."

செல்லத்தாய் கூடையை எட்டிப் பார்த்தாள். "அம்மா பதிமூணுன்னுல்லா சொல்லிட்டுப் போனாங்க."

"அது நான் பறிக்கிற புல்லுக்கு. சாமி கழுத்துல கிடந்ததுக்கு அளவு ஏது?"

அவள் கூடையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு இலை நறுக்கிக் கொடுத்தாள்.

எட்டு இலையும் வரிசையாகப் போட்டார். நார் பிரித்து, ஒவ்வொரு இலையிலும் மலைபோலக் குவித்தார். எட்டும் ஓடி வந்தன. விசில் சத்தம் கொட்டகையைத் தூக்கியது. ஒரு இலை குறையக் குறைய அவர் அள்ளி வைத்தார். சம்பந்தி அம்மாள் ஒருமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்தாள்.

"அதெப்படி? பிரசாதம்னா எழுந்திரிக்கக் கூடாது," என்று புல்லை எடுத்துப் போய் வாயருகே நீட்டினார். அவள் அவருக்காக இன்னும் கொஞ்சம் தின்றாள்.

அன்று காலை அவரைவிடச் சந்தோஷமான மனிதர் அந்த ஊரில் இல்லை.

மத்தியானம் கொட்டகையில் விசில் இல்லை. சங்கரபாகம் வந்து பார்த்தார். ஐந்து நன்றாக இருந்தன. மூன்று மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தன. சம்பந்தி அம்மாள் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. தூக்கினார். வயிறு மத்தளம்போல இறுகியிருந்தது.

அந்நேரம் பஸ்ஸிலிருந்து இறங்கி உலகம்மை வந்தார். இலையைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். சம்பந்தி அம்மாளை வாங்கி வயிற்றில் கை வைத்தார்.

"செல்லத்தாய், மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போடு."

டாக்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மூன்றையும் அமுக்கிப் பார்த்தார். சங்கரபாகம் நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை.

"அமுக்கி வெச்ச ஈரப் புல்லு ராத்திரியோட ராத்திரி புளிச்சிருக்கும்," என்றார் டாக்டர். "அதுவும் பழகாத வயித்துக்கு ஒரே நாள்ல இவ்வளவு. உள்ள காத்து கட்டிக்கிட்டு குடல் நின்னு போச்சு. ரெண்டு தேறிடும். இந்தப் பெரிசைத்தான் சொல்ல முடியாது."

வாயுவுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். குச்சித் தீவனத்தைப் பொடித்து வெந்நீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் சொன்னார். "வாயில அடைச்சா மூச்சுல ஏறிடும். அது முழுங்கின பிறகுதான் அடுத்த சொட்டு. வயித்தை மெள்ளத் தடவி விடுங்க. புழுக்கை போட்டுதுன்னா பிழைச்சுது."

அவர் போன பிறகு சங்கரபாகம் உலகம்மை முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, என்னைத் திட்டுங்க."

உலகம்மை கூடையை இழுத்து அவர் பக்கம் வைத்தார். "கையை விட்டுப் பாருங்க."

விட்டார். காலையில் இருந்ததைவிடச் சுட்டது. கையை வெளியே எடுத்தபோது புளித்த மாவு வாடை அடித்தது.

"காலையிலயும் சூடு இருந்துதா?"

"இருந்துது."

"என்னன்னு நினைச்சீங்க?"

சங்கரபாகம் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். "சந்நிதிச் சூடுன்னு நினைச்சேன் அம்மா."

உலகம்மை அந்தக் கூடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தூக்கிக்கொண்டு போய்த் தென்னை மூட்டில் கொட்டிவிட்டு, வெறுங்கூடையோடு திரும்பி வந்தார்.

"சாமி கோவிச்சுக்காதா?" என்றார் சங்கரபாகம்.

"சாமிக்குத் தென்னை மரமும் வேணும்லா?" என்றார் உலகம்மை.

சங்கரபாகம் தன் துணிப்பையை எடுத்து வந்தார்.

"நான் ஊருக்குப் போயிடுதேன் அம்மா. என் கை ராசி போச்சு. எட்டுன்னு சொன்னீங்க. இனி ஏழுதான் மிஞ்சும் போலிருக்கு. எந்த முகத்தோட சீடனாக்குங்கன்னு கேக்கட்டும்?"

"போங்க," என்றார் உலகம்மை. "ஆனா ஒண்ணு. பந்தி நடக்கும்போது எத்தனை தடவை பாதியில எழுந்து போயிருக்கீங்க?"

சங்கரபாகம் பையைப் பிடித்தபடி நின்றார். "ஒரு தடவைகூட இல்லை."

"இன்னும் ஒரு இலை எடுக்கலையே அண்ணாச்சி," என்று கொட்டகையைக் காட்டினார்.

அவர் பையைக் கீழே வைத்தார்.

மூன்று நாள். சம்பந்தி அம்மாளை ஒரு பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சங்கரபாகம் கொட்டகை வாசலிலேயே இருந்தார். அண்டா அண்டாவாகப் பாயசம் ஓட விட்ட கை அது. இப்போது அந்தக் கையில் ஒரு சிரிஞ்சு. ஒரு சொட்டு வைப்பார். காத்திருப்பார். தொண்டை அசைகிறதா என்று பார்ப்பார். அசைந்தால் அடுத்த சொட்டு. அவள் தலையைத் திருப்பினால் நிறுத்திவிடுவார். முதலில் அப்படி நிறுத்த அவர் கைக்குத் தெரியவில்லை. தானாக நீளும். அதை இடது கையால் பிடித்து இறக்குவார்.

செல்லத்தாய் சோற்றைத் தட்டில் கொண்டு வந்து வைத்தாள். கிண்டல் எதுவும் பேசவில்லை. அதுவே அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

"ஏதாவது சொல்லேன் தாயி."

"என்னத்தச் சொல்ல. நானும்தானே இலை நறுக்கிக் கொடுத்தேன்."

இரண்டாம் நாள் உலகம்மை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சம்பந்தி அம்மாள் கண்ணைப் பாதி மூடிக் கிடந்தாள்.

"அம்மா, அன்னிக்கே இவ முகத்தைத் திருப்பிக்கிட்டா. பாத்தேன். பாத்தும் நீட்டினேன்."

"ம்."

"நாற்பது வருஷத்துல எத்தனை பேரு இப்படித் திருப்பியிருப்பாங்க?"

உலகம்மை சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "நேரமாச்சு அண்ணாச்சி."

மற்ற இரண்டும் அன்றே தெளிந்து காய்ந்த புல்லைக் கடிக்கத் தொடங்கின. சம்பந்தி அம்மாள் மட்டும் எதையும் தொடவில்லை. சங்கரபாகம் ஜபம் பண்ணத் தெரியாதவர். வயிற்றைத் தடவும்போதெல்லாம் பிள்ளையாரே, பிள்ளையாரே என்று மட்டும் சொல்லிக்கொண்டார்.

நாலாம் நாள் காலை செல்லத்தாய் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். சங்கரபாகம் உள்ளங்கையை ஏந்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் நுழைந்தார். தங்கக் காசு கண்டெடுத்தவர் முகம்.

"செல்லத்தாயி, இங்க பாரு."

அவள் பார்த்தாள். உள்ளங்கையில் கறுப்பாக மூன்று புழுக்கை.

"அடுப்படிக்குள்ள கொண்டு வர்ற பொருளா இது?" என்றாள். அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "லட்டுப் பரிமாறின கைக்கு வந்த கதியைப் பாரேன்."

"ஆயிரம் லட்டுக்குச் சமம் தாயி. மூணும் கெட்டியா இருக்கு பாரு. நல்ல வடிவம்."

"போய் அம்மாட்டக் காட்டுங்க. இங்க நின்னு வடிவம் பாக்க வேண்டாம்."

காட்டினார். உலகம்மை எண்ணிப் பார்த்தார். வெகு நாளைக்குப் பிறகு அவர் பல் தெரியச் சிரித்ததை அன்று இருவரும் பார்த்தார்கள்.

ஒரு வாரம் காய்ந்த புல். அதன் பிறகு சங்கரபாகம் கிணற்றடிக்குப் போனார். பனி காயும்வரை உட்கார்ந்திருந்தார். எட்டுப் புல் கிள்ளினார். ஒன்றுக்கு ஒரு புல் வைத்தார். யாரும் சொல்லவில்லை. அவராகவே முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார்.

இந்தத் தடவை அவர் புல்லைப் பார்க்கவில்லை. வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, எட்டையும் பார்த்தார். எது வேகமாகத் தின்கிறது, எது பாதியில் நிறுத்திப் போய்த் தண்ணீர் குடிக்கிறது, நேற்றுத் துள்ளியதில் எது இன்று துள்ளவில்லை என்று ஒவ்வொன்றாகக் கவனித்தார். சாயங்காலம் கொட்டகையைப் பெருக்கும்போது புழுக்கையை ஒதுக்கிப் பார்த்தார். கொஞ்சம் இளகியிருந்தால் மறுநாள் கூட்ட மாட்டார். ஒரு தடவை ஏழு புல்லிலேயே நாலு நாள் நின்றார். செல்லத்தாய் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"என்ன அண்ணாச்சி, வண்டி ஏழுலேயே நிக்குது?"

"எட்டுல சின்னது, அந்தக் கடைக்குட்டிக்கு வயிறு இன்னும் தோதுக்கு வரலை."

"மத்த ஏழும் காத்துக் கிடக்கணுமா?"

"பந்தின்னா கடைசி இலைக்காரன் எந்திரிக்கிறவரைக்கும் மத்தவங்க உக்காந்திருக்கணும் தாயி. அது என் தொழில். அதை மட்டும் விட மாட்டேன்."

அதைச் சொன்னபோது அவர் பழைய சங்கரபாகம்போலவே மீசையைத் தடவிக்கொண்டார்.

ஆனி போய் ஆடியும் முடிந்தது. எட்டும் இப்போது கை நிறையப் புல் தின்றன. மயிர் பளபளவென்று இருந்தது. காலேஜிலிருந்து வந்தபோது ஒடுங்கிக் கிடந்தவை, வலையைத் திறந்தால் அவர் கால்மேல் ஏறின. சம்பந்தி அம்மாள் விசில் தெருமுனை வரை கேட்டது. ஆனால் சங்கரபாகம் யாரையும் கையைப் பிடித்து அழைத்து வந்து காட்டுவதில்லை. சீடனாக ஏற்கிறீர்களா என்று உலகம்மையிடம் மறுபடி கேட்கவும் இல்லை. கேட்க வாய் வரவில்லை. மனசுக்குள் இருந்தது. எட்டும் வயிறாரத் தின்று சௌக்கியமாகிவிட்டன, உலகம்மை சொன்ன கணக்கு நிறைந்துவிட்டது என்று ஒருநாள் அவருக்கே தெரிந்தது. அன்றும் பேசாமல் போய்ப் புல் கிள்ளினார்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெண் மடத்துக்கு வந்தார். திருநெல்வேலியிலிருந்து வருவதாகச் சொன்னார். பேர் மெர்சலின். அவர் கையில் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி. உள்ளே வெள்ளையும் கறுப்புமாக இரண்டு சீமை எலி.

"அம்மா, பிள்ளைங்க ஆசைப்பட்டாங்கன்னு வாங்கினோம். கடையில குச்சித் தீவனம் மட்டும்தான் கொடுத்து வளர்த்தாங்களாம். எங்க குடியிருப்புல மெஷின்ல வெட்டின புல்லு மூட்டை மூட்டையாக் கிடக்கு. அதைப் போடலாமா? ஒரு நாளைக்கு எவ்வளவு போடணும்? உங்களைக் கேட்டா தெரியும்னு சொன்னாங்க. தப்பாப் போட்டு ஏதாவது ஆயிட்டா, பிள்ளைங்க தாங்காதும்மா."

உலகம்மை பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டும் மூலையில் ஒடுங்கியிருந்தன. சங்கரபாகம் கொஞ்சம் தள்ளி, கிணற்றடியிலிருந்து வந்த ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார். பாவம், அம்மா நல்லபடியாகச் சொல்லி அனுப்புவார் என்று நினைத்தபடி அவரும் உலகம்மையின் வாயையே பார்த்தார்.

"எனக்கு அவ்வளவு தெரியாதும்மா," என்றார் உலகம்மை. "இதுக்குன்னு என் சீடர் ஒருத்தர் இருக்கார். அவர் சொன்னா சரியா இருக்கும். நானும் அவரைக் கேட்டுத்தான் செய்யுதேன்."

மெர்சலின் சுற்றிப் பார்த்தார். சங்கரபாகமும் திரும்பி, தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். பின்னால் கொட்டகைச் சுவர்தான் இருந்தது.

செல்லத்தாய் சமையல்கட்டு வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சங்கரபாகம் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார்.

"அங்க என்ன தேடுதீங்க?" என்றார் உலகம்மை. "பிள்ளை அவ்வளவு தூரத்துல இருந்து வந்து நிக்கா. பதில் சொல்லுங்க அண்ணாச்சி."